கொடுத்தது எவ்வளவு, கேட்டது என்ன?

(நிறுவன ஆளுகை குறித்து ஒரு கல்லூரியின் வணிகவியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் பருவநிலை மாற்றம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, உருகும் பனிமலைகளைத் திரையில் காட்டுவேன் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். நான் பேசப் போவது பணத்தையும் கடிதங்களையும் பற்றி. ஒரு நிறுவனம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று கணக்கிட இன்று வாய்பாடு இருக்கிறது, தணிக்கை இருக்கிறது, சான்றிதழ் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் இருக்கின்றன. அந்த வாயுவைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வரும்போது அதே நிறுவனம் அமைச்சரிடம் போய் என்ன கேட்டது, யார் வழியாகக் கேட்டது, அதற்கு எவ்வளவு செலவழித்தது என்று அறிய அநேகமாக வழியே இல்லை. முதலாவதைவிட இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி. ஓர் ஆலை தன் புகைபோக்கியால் செய்யும் கேட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு சட்டத்தைத் தடுத்துவிட்டாலோ, அந்த நாட்டிலுள்ள எல்லாப் புகைபோக்கிகளும் பல ஆண்டுகளுக்கு அப்படியே புகைந்துகொண்டிருக்கும்.

பொதுப்படையாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரு வழக்கைச் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற நகரத்தில் தலைமையகம் கொண்டது ஃபர்ஸ்ட்எனர்ஜி என்னும் மின் நிறுவனம். பல மாநிலங்களில் சுமார் 60 லட்சம் இணைப்புகள். அதன் துணை நிறுவனம் ஒன்று ஈரி ஏரிக்கரையில் பெரி, டேவிஸ்-பெஸ் என்ற இரண்டு அணுமின் நிலையங்களை நடத்தி வந்தது. ஷேல் எரிவாயு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அணு மின்சாரமும் நிலக்கரி மின்சாரமும் சந்தையில் விலை போகவில்லை. 2018 மார்ச்சில் அந்தத் துணை நிறுவனம் திவால் மனு போட்டது.

இந்த நிலையில் அரசிடம் உதவி கேட்பதில் தவறில்லை. அணு மின்சாரம் கரியமில வாயுவை வெளியிடுவதில்லை. ஆகவே அந்த நிலையங்களைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல நேர்மையான வாதமே இருந்தது. அதைச் சட்டமன்றத்தில் நேராக வைத்து வாதாடியிருந்தால், இன்று இந்த மேடையில் அவர்கள் பெயர் வந்திருக்காது.

நடந்தது வேறு. லாரி ஹவுஸ்ஹோல்டர் என்பவர் அந்த மாநிலத்தின் பழைய சபாநாயகர். மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டார். 2017 ஜனவரியில் அதிபர் டிரம்ப்பின் பதவியேற்பு விழாவுக்கு ஃபர்ஸ்ட்எனர்ஜியின் விமானத்தில் போனார். அடுத்த மாதமே அவருக்காக ‘ஜெனரேஷன் நௌ’ என்ற பெயரில் ஓர் அமைப்பு பதிவானது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(4) பிரிவின் கீழ் வரும் சமூக நல அமைப்பு அது. அந்தப் பிரிவின் சிறப்பு என்னவென்றால், நன்கொடை கொடுத்தவர் யார் என்று அந்த அமைப்பு வெளியே சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், அரசியலுக்கும் ஒரு பங்கைச் செலவிடலாம். ஃபர்ஸ்ட்எனர்ஜி பணம் அனுப்பத் தொடங்கியது. முதலில் காலாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர், பிறகு கோடிக்கணக்கில். மொத்தம் சுமார் 6 கோடி டாலர்.

அந்தப் பணத்தில் 2018 தேர்தலில் ஹவுஸ்ஹோல்டரின் ஆட்கள் நின்றார்கள், ஜெயித்தார்கள், 2019 ஜனவரியில் அவரைச் சபாநாயகர் ஆக்கினார்கள். ஏப்ரலில் ‘அவை மசோதா 6’ வந்தது. ‘ஓஹாயோ தூய காற்றுத் திட்டம்’ என்பது அதில் எழுதியிருந்த பெயர். உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். இரண்டு அணுமின் நிலையங்களுக்கு ஆண்டுக்கு 15 கோடி டாலர் மானியம். அதை வீட்டு மின் கட்டணத்தில் மாதம் 85 சென்ட் வரை சேர்த்து மக்களிடம் வசூலிக்க ஏற்பாடு. பழைய இரண்டு நிலக்கரி மின் நிலையங்களுக்கு ஆதரவு, அவற்றில் ஒன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவில் இருந்தது. காற்றாலை, சூரிய ஒளி மின்சாரத்துக்கு இருந்த கட்டாய இலக்கு 12.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. மின் சிக்கனத் திட்டங்களுக்கான இலக்குகளுக்கும் முடிவு கட்டப்பட்டது. தூய காற்று என்ற பெயரில் நிலக்கரிக்கு மானியமும் சூரிய ஒளிக்கு வெட்டும்! 2019 ஜூலை 23-ஆம் தேதி மசோதா நிறைவேறியது. ஆளுநர் அன்றைக்கே கையெழுத்திட்டார்.

ஓஹாயோவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நிறைவேறிய சட்டத்தை எதிர்க்கும் மக்கள் தொண்ணூறு நாளுக்குள் போதிய கையெழுத்துத் திரட்டினால் அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். எதிர்ப்பாளர்கள் முயன்றார்கள். அப்போதும் அதே பணம் வேலை செய்தது. கையெழுத்து வாங்கப் போனவர்களைப் பின்தொடர ஆள் வைத்தார்கள். சிலருக்குப் பணம் கொடுத்து வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடியது, கையெழுத்துப் போடாதீர்கள், சீன அரசு நம் மின் கட்டமைப்புக்குள் நுழையப் பார்க்கிறது என்று! தேவையான இரண்டரை லட்சத்துச் சொச்சம் கையெழுத்து சேரவில்லை. வாக்கெடுப்பு நடக்கவில்லை.

2020 ஜூலை 21 அன்று எஃப்.பி.ஐ. ஹவுஸ்ஹோல்டரைக் கைது செய்தது. அவர் சுமார் 5 லட்சம் டாலரைத் தன் கடன் அட்டைப் பாக்கி, ஃபுளோரிடாவில் இருந்த வீட்டுச் செலவு என்று சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டது விசாரணையில் தெரிந்தது. 2023-ல் 20 ஆண்டு சிறைத் தண்டனை. நிறுவனம் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் கட்டியது. மின்வாரிய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்கவிருந்தவருக்கு, அதற்குச் சற்று முன்பு 43 லட்சம் டாலர் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் ஓர் ஆலோசனை ஒப்பந்தத்தின் பெயரில் போயிருந்தது. அவையில் இருக்கும் தணிக்கைத் துறை நண்பர்கள் புன்னகைக்கிறீர்கள். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்ற தலைப்பு எவ்வளவு அகலமானது என்பது உங்களுக்குத் தெரியாததா!

இதுவரை சொன்னது லஞ்ச வழக்கு. நம் பாடமான நிறுவன ஆளுகை இங்கேதான் தொடங்குகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மூன்று ஆண்டுகளில் 6 கோடி டாலர் வெளியே போயிருக்கிறது. இயக்குநர் குழு என்ன செய்துகொண்டிருந்தது? அதற்குத் தணிக்கைக் குழு உண்டு, சுயேச்சை இயக்குநர்கள் உண்டு, நடத்தை விதிகள் அச்சிட்ட புத்தகம் உண்டு. எந்த அமைப்புக்கு எதற்காக இவ்வளவு பணம் என்ற கேள்வியை உரிய நேரத்தில் யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. கைதுக்குப் பிறகு, 2020 அக்டோபரில், தலைமை நிர்வாகி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பங்குதாரர்கள் இயக்குநர்கள் மீதே வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் 18 கோடி டாலர் நிறுவனத்துக்குத் திரும்பி வந்தது. அதையும் இயக்குநர்களுக்காக எடுத்திருந்த காப்பீடுதான் கட்டியது. நீண்ட நாள் பதவியில் இருந்த ஆறு இயக்குநர்கள் மறுபடி போட்டியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அரசியல் செலவையும், அரசை அணுகிக் காரியம் கேட்கும் லாபி வேலையையும் இயக்குநர் குழுவே மேற்பார்வையிட வேண்டும் என்பதும் நிபந்தனையானது. முதலில் இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு கடைசியில் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலைமை நிர்வாகி நீக்கப்பட்ட அடுத்த மாதம், 2020 நவம்பரில், இதே நிறுவனம் 2050-க்குள் கார்பன் சமநிலையை எட்டுவோம் என்று அறிவித்தது. அந்த உறுதிமொழி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறுதிமொழியை மட்டும் படித்து மதிப்பெண் போட்டவருக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

சரி, இவர்கள் சட்டத்தை மீறினார்கள், அதனால் மாட்டினார்கள். சட்டத்தை மீறாமலே செய்யப்படுவதுதான் இன்னும் கடினமான சங்கதி. அதற்கான பழைய உதாரணம் ‘உலகப் பருவநிலைக் கூட்டணி’. பெயரைக் கேட்டால் மரம் நடும் அமைப்பு மாதிரி இருக்கும். 1989-ல் எண்ணெய், நிலக்கரி, மின்சார, மோட்டார் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் சேர்ந்து தொடங்கியது அது. பசுங்குடில் வாயுக்களுக்குக் கட்டாய வரம்பு வராமல் தடுப்பது அதன் வேலை. அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. 1995-ல் அந்தக் கூட்டணியின் சொந்த விஞ்ஞானிகளே ஓர் உள்சுற்று அறிக்கை எழுதினார்கள். பசுங்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை நிலைநாட்டப்பட்டது, மறுக்க முடியாதது என்று அதில் கண்டிருந்தது. மாற்றுக் கருத்தாளர்களின் வாதங்கள் நம்பும்படி இல்லை என்று சொன்ன பகுதி, வெளியே கொடுத்த வடிவத்தில் விடப்பட்டது. இந்த அறிக்கை ஒரு வழக்கின் ஆவணங்களோடு வெளிவந்து, 2009-ல்தான் நியூயார்க் டைம்ஸ் வாசகர்களுக்குத் தெரிந்தது. அதற்குள் கூட்டணியே கலைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கூட்டணி ஏன் கலைந்தது? உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பி.பி. போனது. 1998-ல் ஷெல், 1999-ல் ஃபோர்டு, 2000-ல் ஜெனரல் மோட்டார்ஸ். பெயர் கெடுகிறது என்ற பயம் வேலை செய்தது. ஆனால் விலகிய எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் தொழில் சங்கமான அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தில் தொடர்ந்து உறுப்பினராக இருந்தன, சந்தா கட்டின. 1998-ல் அந்தக் கழகத்தில் கூடியவர்கள் ஒரு செயல்திட்டம் வரைந்தார்கள். சாதாரணக் குடிமக்கள் பருவநிலை அறிவியலில் உள்ள ஐயங்களைப் ‘புரிந்துகொள்ளும்’போது நமக்கு வெற்றி என்பது அதன் சாரம். ஐயத்தைப் பரப்புவதே நோக்கம் என்று வெற்றிக்கான அளவுகோலோடு எழுதி வைத்திருந்தார்கள்.

இப்போது சங்கம் என்ற ஏற்பாட்டின் பயன் உங்களுக்குப் புரிந்திருக்கும். நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் மரகதப் பச்சை அட்டை போட்டு பருவநிலை குறித்த பாரிஸ் ஒப்பந்தத்தை வரவேற்கும். சங்கம் தலைநகரில் அந்த ஒப்பந்தத்துக்கான சட்டத்தை எதிர்க்கும். கேட்டால், அது சங்கத்தின் கருத்து, எங்களுடையதன்று என்பார்கள். சங்கத்தைக் கேட்டால், உறுப்பினர்களின் ஒருமித்த கருத்து என்பார்கள். மாமியார் வீட்டுச் சண்டையில் மகனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டி நழுவுவது போல.

2009-ல் இதன் கேலிக்கூத்தான உச்சம் நடந்தது. கார்பன் உமிழ்வுக்கு வரம்பு போடும் வாக்ஸ்மன்-மார்க்கி மசோதா அமெரிக்கக் கீழவைக்கு வந்திருந்தது. அப்போது வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு புதிய உறுப்பினருக்குக் கடிதங்கள் வந்தன. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்கு உதவும் ஓர் உள்ளூர்த் தொண்டு அமைப்பு, கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை என்று அந்த அமைப்புகளின் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தன. மின் கட்டணம் ஏறும், ஏழைகள் பாதிக்கப்படுவார்கள், மசோதாவை எதிர்க்க வேண்டும் என்று கேட்டன. எல்லாம் போலி. நிலக்கரி, மின் நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது, அது இன்னொரு நிறுவனத்துக்கு உள்குத்தகை விட்டது, அங்கே இருந்தவர்கள் கடிதங்களைப் புனைந்தார்கள். போலி என்று கூட்டமைப்புக்கு வாக்கெடுப்புக்கு முன்பே தெரிந்திருந்தும் உறுப்பினர்களுக்குச் சொல்லவில்லை என்பது பிறகு நாடாளுமன்ற விசாரணையில் வந்தது. மசோதா கீழவையில் 219-க்கு 212 என்று தப்பியது, செனட்டில் செத்தது. உள்குத்தகையின் அடியில் நடந்ததற்கு, மேலே பணம் கட்டிய மின் நிறுவனங்களின் பங்குதாரர்களில் ஒருவருக்காவது கணக்குக் கிடைத்திருக்குமா?

அமெரிக்காவில் லாபி வெளிப்படுத்தல் சட்டம் 1995-லிருந்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு செலவு, எந்த மசோதா குறித்து என்று படிவம் நிரப்ப வேண்டும். அந்த மசோதாவை ஆதரித்தாயா, எதிர்த்தாயா என்ற கேள்வி மட்டும் படிவத்தில் இல்லை. கொடுத்தது எவ்வளவு என்று தெரியும், கேட்டது என்ன என்று தெரியாது. என் உரையின் தலைப்பு அந்தப் படிவத்திலிருந்து வந்தது.

வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் பல ஆண்டுகளாகக் கார்பன் வரியை ஆதரிக்கிறோம் என்று சொல்லி வந்தது. 2021-ல் சூழல் அமைப்பான கிரீன்பீஸின் புலனாய்வுக் குழு வேலைக்கு ஆள் தேடுபவர்கள் போல நடித்து, அந்நிறுவனத்தின் மூத்த லாபி அதிகாரி ஒருவரைக் காணொளியில் பேச வைத்தது. கார்பன் வரி நடக்கப் போவதில்லை என்று தெரிந்தே அதைப் பேசுகிறோம், பேசுவதற்கு வசதியான விஷயம் அது என்ற பொருளில் அவர் சொன்னது பிரிட்டன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தலைமை நிர்வாகி அதை மறுத்தார், மன்னிப்பும் கேட்டார்.

இதற்கு மருந்து எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. அரசிடமிருந்து வரவில்லை. ஓய்வூதிய நிதிகளும் முதலீட்டு நிறுவனங்களும் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டதிலிருந்து வந்தது. 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு அமைப்பு, சுரங்க நிறுவனமான பி.எச்.பி.யின் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கங்கள் பேசுவதும் நீங்கள் பேசுவதும் ஒன்றா என்று பரிசீலித்துச் சொல்லுங்கள் என்பது கோரிக்கை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அந்நாட்டு நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் ஒரு நிலக்கரிக் கட்டியை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்து, பயப்படாதீர்கள் என்று காட்டினார். கட்டியைக் கொடுத்தது மினரல்ஸ் கவுன்சில் என்ற சுரங்கச் சங்கம். கை கறுக்காமலிருக்க அதற்கு மெருகெண்ணெய் பூசியிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் பெரிய உறுப்பினர்களில் ஒன்று பி.எச்.பி. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் தன் சங்கங்களைப் பற்றிய மதிப்பாய்வை வெளியிட்டது. உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்து விலகியது. மினரல்ஸ் கவுன்சிலில் தொடர்ந்து இருந்தது. அரைக் கிணறு தாண்டியதுதான், ஆனால் வழி பிறந்தது. 2019-ல் ஷெல் பத்தொன்பது சங்கங்களை ஆராய்ந்து ஒன்றிலிருந்து விலகியது. 2020-ல் பி.பி. மூன்றிலிருந்து. 2021-ல் பிரான்சின் டோட்டல் அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தையே விட்டு வெளியேறியது.

அமெரிக்காவில் 2020 மே மாதம் எண்ணெய் நிறுவனமான செவ்ரானின் பொதுக்கூட்டத்தில் பி.என்.பி. பாரிபா என்ற பிரெஞ்சு முதலீட்டு நிறுவனம் ஒரு தீர்மானம் வைத்தது. உங்கள் லாபி வேலை பாரிஸ் இலக்குகளோடு பொருந்துகிறதா என்று அறிக்கை கொடுங்கள் என்றது. நிர்வாகம் எதிர்த்தும் 53 சதவீத வாக்கு விழுந்தது. அடுத்த ஆண்டு எக்ஸான்மொபிலில் அதே போன்ற தீர்மானத்துக்கு 64 சதவீதம். அதே கூட்டத்தில்தான் 0.02 சதவீதப் பங்கு மட்டும் வைத்திருந்த ‘எஞ்சின் நம்பர் ஒன்’ என்ற நிதி, இயக்குநர் குழுவின் பன்னிரண்டு இடங்களில் மூன்றைப் பிடித்தது. உலகப் பத்திரிகைகள் அந்த மூன்று நாற்காலிகளைப் பற்றியே எழுதின. எனக்கென்னவோ அந்த 64 சதவீதம்தான் பெரிய செய்தி. காரணம், அந்த வாக்கைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சூழலியல் போராளிகள் அல்லர், ஓய்வூதியப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் கணக்கர்கள். ஒரு நிறுவனம் லாபம் பார்க்கப் பத்து நிறுவனங்களின் எதிர்காலம் கெடுகிறது, அந்தப் பத்திலும் எங்கள் பணம் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. 2022-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியம், ஸ்வீடனின் ஏ.பி.7 நிதி, பி.என்.பி. பாரிபா மூன்றும் சேர்ந்து பொறுப்பான பருவநிலை லாபிக்கான உலகத் தரநெறியை, பதினான்கு குறியீடுகளோடு, வெளியிட்டன. அவற்றின் மையம் எளியது. எந்த நிலைப்பாட்டை எடுக்கிறோம் என்பதை இயக்குநர் குழு தெரிந்து பொறுப்பேற்க வேண்டும், சங்கம் வேறு பாட்டுப் பாடினால் அதை வெளியே சொல்லித் திருத்த வேண்டும் அல்லது விலக வேண்டும்.

எதிர்க்காற்றும் அடித்தது. எக்ஸான்மொபில் 2024 ஜனவரியில் உமிழ்வு குறித்த தீர்மானம் கொண்டுவந்த இரண்டு சிறு பங்குதாரர்கள் மீதே டெக்சஸில் வழக்குப் போட்டது. அவர்கள் தீர்மானத்தைத் திரும்பப் பெற்ற பிறகும் வழக்கை விடவில்லை. அவர்களில் ஒரு நிறுவனம் இனி கொண்டுவரமாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகே நீதிபதி முடித்துவைத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் ஜே.பி. மார்கன், ஸ்டேட் ஸ்ட்ரீட் ஆகிய நிதி நிறுவனங்கள் ‘பருவநிலை நடவடிக்கை 100+’ என்ற முதலீட்டாளர் கூட்டிலிருந்து விலகின. கேள்வி கேட்பதற்கே விலை வைத்துவிட்டார்கள்.

லாபி என்றாலே தீமை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். காற்றாலை நடத்துபவரும் அரசிடம் போகிறார், பனியன் தொழிற்சாலை வைத்திருப்பவரும் போகிறார். ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987-ல் கையெழுத்தானதற்கு ஒரு காரணம், அதுவரை எதிர்த்துவந்த அமெரிக்க சி.எஃப்.சி. (ஓசோனை அரிக்கும் வாயுக்கள்) தொழிலின் கூட்டமைப்பு அதற்கு முந்தைய ஆண்டு மனம் மாறிப் பன்னாட்டு வரம்பை ஏற்றதுதான். அரசுக்குத் தொழிலின் நடைமுறை தெரிந்தவர் யாராவது சொல்லத்தான் வேண்டும். சொல்வதைப் பகிரங்கமாகச் சொல்லட்டும் என்பதுதான் கேட்பது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் லாபிக்கென்று ஒரு சட்டம் கிடையாது. 2013-ல் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, சட்டமாகவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் வால்மார்ட் விவகாரம் நாடாளுமன்றத்தைக் கலக்கியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியச் சந்தையில் நுழைவது உட்படப் பல விஷயங்களுக்காக 2008 முதல் இரண்டரைக் கோடி டாலர் அளவுக்கு லாபிச் செலவு என்ற தகவல் வெளிவந்தது. எங்கிருந்து? டெல்லியிலிருந்து அல்ல, வாஷிங்டனில் அந்நிறுவனம் சட்டப்படி நிரப்பிக் கொடுத்த படிவத்திலிருந்து. இங்கே நடப்பதைத் தெரிந்துகொள்ள அங்கே பார்க்க வேண்டியிருந்தது.

ஆனாலும் நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் உத்தரவின்படி, சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியல் நிறுவனங்கள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை கொடுக்க வேண்டும். சுருக்கமாக பி.ஆர்.எஸ்.ஆர். அதில் ஒன்பது கோட்பாடுகள். ஏழாவது கோட்பாடு, பொதுக்கொள்கையின் மீது செல்வாக்குச் செலுத்தும்போது நிறுவனம் பொறுப்போடும் வெளிப்படையாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அதன் கீழ் ஓர் அட்டவணை. எந்தக் கொள்கைக்காக வாதாடினீர்கள், எந்த முறையில், அந்தத் தகவல் பொதுவெளியில் உண்டா, இயக்குநர் குழு அதை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பரிசீலிக்கிறது, இணைப்பு எங்கே? ஓஹாயோவில் கேட்கப்படாமல் போன கேள்விகளில் பல இந்தச் சிறிய அட்டவணையில் இருக்கின்றன. வரைந்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

சிக்கல் என்னவென்றால், இந்த அட்டவணை ‘தலைமைத்துவக் குறியீடு’ என்ற பிரிவில் இருக்கிறது. அப்படியென்றால் விருப்பமிருந்தால் நிரப்பலாம். கட்டாயமாகக் கேட்கப்படுவது, எத்தனை தொழில் சங்கங்களில் உறுப்பினர், முதல் பத்துச் சங்கங்கள் எவை என்பதுதான். சி.ஐ.ஐ., ஃபிக்கி, அசோசெம் என்று பட்டியல் வரும். திருமண அழைப்பிதழில் ‘உற்றார் உறவினர்’ போடுவது மாதிரி. அந்தச் சங்கம் சென்ற ஆண்டு அரசிடம் எதைக் கேட்டது, அதில் உங்களுக்குச் சம்மதமா என்ற கேள்விக்கு இடமில்லை.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 2025-ல் கார்களின் எரிபொருள் சிக்கன விதிகளுக்கான அடுத்த கட்ட வரைவு வந்தபோது சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை வேண்டும் என்றது மாருதி சுசுகி. கூடாது என்றன டாடா, மஹிந்திரா உள்ளிட்ட நிறுவனங்கள். எல்லாரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். இந்தப் பிளவு நமக்குத் தெரிந்தது எப்படி? கடிதங்கள் செய்தியாளர்கள் கைக்கு எட்டியதால். இரு தரப்புக்கும் சொல்ல நியாயம் இருக்கலாம். கார் வாங்குகிறவருக்கும் பங்கு வாங்குகிறவருக்கும் அந்த நியாயத்தை அறிய, கசிவுக்குக் காத்திருக்க வேண்டுமா?

அரசியல் நன்கொடையில் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோது, கொடுப்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்று சொன்னது. கம்பெனிகளின் நன்கொடைக்கு இருந்த வரம்பை 2017-ல் நீக்கியதும் செல்லாது என்றது. ஒரு கதவு திறந்தது. கோரிக்கை மனுக்கள் போகும் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

நம் சட்டத்தில் இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்காவில் 2,000 டாலர் பங்கை மூன்றாண்டு வைத்திருப்பவர்கூடப் பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானம் அனுப்பலாம். இந்தியாவில் கம்பெனிகள் சட்டத்தின் 111-ஆம் பிரிவுப்படி வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு சேர வேண்டும். தொழிலதிபர் குடும்பமே பாதிக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களில் இது நடவாத காரியம். செவ்ரானில் நடந்தது இங்கே நடக்காததற்கு நம் முதலீட்டாளர்களின் அலட்சியம் மட்டும் காரணமில்லை.

ஆகவே செபிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய சட்டம் எழுத வேண்டாம், புதிய அறிக்கை கேட்க வேண்டாம். ஏழாவது கோட்பாட்டின் அந்த அட்டவணையை விருப்பப் பிரிவிலிருந்து எடுத்துக் கட்டாயப் பிரிவில் வையுங்கள். சங்கங்களின் பட்டியலோடு, கட்டிய சந்தாவையும், பருவநிலைச் சட்டங்களில் அந்தச் சங்கம் எடுத்த நிலைப்பாட்டையும் கேளுங்கள்.

கம்பெனிச் செயலர் நண்பர்களே, அது கட்டாயமாகும் வரை காத்திருக்காமல் அடுத்த ஆண்டறிக்கையிலேயே உங்கள் இயக்குநர் குழுவின் முன் அந்த அட்டவணையை வையுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டில் யாராவது மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை கட்டுவார்கள். 2022 ஏப்ரல் முதல் அந்த ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களித்து, எப்படி வாக்களித்தோம் என்று வெளியிட வேண்டும். அதை எடுத்துப் படியுங்கள். ஒரே ஒரு பங்கு கையில் இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பதிவு செய்துகொள்ளலாம், காணொளிக் கூட்டமென்றால் திருவள்ளூரிலிருந்தும் பேசலாம், திருச்செந்தூரிலிருந்தும் பேசலாம். டிவிடெண்ட் எவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நீங்கள் எழுந்து, சென்ற ஆண்டு நம் நிறுவனமும் அதன் சங்கங்களும் அரசிடம் எதைக் கேட்டன, அது இயக்குநர் குழுவுக்கு வந்ததா என்று கேளுங்கள். பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.